பின்னாலிருந்து

நாலு, ஏழு, இரண்டு என்றீர்கள்.
பின்னாலிருந்து சொல் என்றீர்கள்.
ரெனிஸ் உங்கள் மேசை ஓரத்தைத் தடவிக்கொண்டே
நாலு, ஏழு, இரண்டு என்றான்.
மறுபடி கேட்டீர்கள்.
மறுபடி அதையே சொன்னான்,
இம்முறை கொஞ்சம் சத்தமாக,
உங்களுக்குத்தான் காது மந்தம் என்பதுபோல.

எனக்குச் சிரிப்பு வந்தது டாக்டரம்மா.
அடக்கிக்கொண்டேன்.
சின்னப்பாலத்திலிருந்து விடியுமுன் பஸ் ஏறி
மதுரைக்கு வந்தது சிரிப்பதற்கில்லை.

பிறகு ஒரு வீட்டின் படம்.
இதில் என்ன குறைகிறது?
கதவுக்குக் கைப்பிடி இல்லை, எனக்கே தெரிந்தது.
அவன் வெகுநேரம் பார்த்துவிட்டு
"ஆளில்லை" என்றான்.
நீங்கள் சுழி போட்டீர்கள்.
எதிர்ப்பக்கம் உட்கார்ந்து பார்த்தாலும்
சுழி சுழிதான்.

பதினேழாம் கட்டிலில் கிடந்தவனை
நீங்கள் பார்த்ததில்லை.
வெறும் காய்ச்சல் என்றுதான் கஷாயம் கொடுத்தோம்.
மூன்றாம் நாள் என்னைப் பார்த்து
"நீ யார் வீட்டு ஆள்?" என்றான்.
அப்புறம் வெட்டு வந்தது.
அப்புறம் பேச்சு போனது.
உடம்புக்குக் காவல் நிற்பவையே
ஆள் அடையாளம் தெரியாமல் மூளைக்குள் புகுந்து
வீட்டுக்காரனை அடித்துவிட்டன என்று
ஒரு சின்ன டாக்டர் சொன்னார்.
தூக்கமில்லாமல் அவர் கண்ணும் சிவந்திருந்தது.

நாற்பத்தொரு நாள்.
பிழைத்தான்.
ஸ்கேன் சுத்தம் என்றார்கள்.
யாரோ கூட்டிப் பெருக்கிய வீடுதான், சுத்தம்தான்,
எந்தச் சாமான் எங்கே என்றுதான்
அவனுக்குத் தெரியவில்லை.

முன்பெல்லாம் மோட்டார் சத்தத்தை வைத்தே
கரைக்கு வருவது சகாயம் வள்ளமா
மிக்கேல் வள்ளமா என்று படுத்தபடி சொல்வான்.
இப்போது
உப்பு வாங்கிவா என்றால் உப்பு வருகிறது.
உப்பும் தீப்பெட்டியும் என்றால்
பாதி வழியில், மணலைப் பார்த்தபடி நின்றுவிடுகிறான்.
வாத்தியார் சோம்பேறி என்கிறார்.
வெளியே ஒரு தழும்பும் இல்லை,
அவரும் என்ன செய்வார்.

எங்கள் ஊருக்கு இரண்டு கடல்.
சோழகம் அடித்தால் தென்கடல் கொந்தளிக்கும்,
வடகடல் குளம்போலக் கிடக்கும்.
வாடைக்கு எல்லாம் மாறும்.
நீங்கள் பார்த்தது ஒரு வெள்ளிக்கிழமை, பதினொரு மணிக்கு,
பஸ்ஸில் இரண்டுமுறை வாந்தியெடுத்த பிள்ளையை.

சண்டைக்குச் சொல்லவில்லை.
நீங்கள் எழுதிய எண்பத்தொன்று பொய்யுமில்லை.
நான் மட்டும் என்ன?
பாசிக்கு முங்கும்போது நாற்பது எண்ணுகிறவள்.
இப்போது முப்பது தாண்டுமுன்னே
அவன் நினைப்பு வந்து எண்ணிக்கை கலைகிறது,
வெறுங்கையோடு மேலே வருகிறேன்.
என்னை உங்கள் நாற்காலியில் உட்காரவைத்தால்
எத்தனை போடுவீர்களோ.

இன்னொன்றும் சொல்லிவிடுகிறேன்.
ராத்திரி, விரலில் சுற்றிய துணியை அவிழ்த்தபடி
நானும் கேட்கிறேன்.
டீச்சர் என்ன நிறச் சேலை?
மத்தியானச் சோற்றுக்கு என்ன குழம்பு?
நேற்று யாருடைய வலை கிழிந்தது?
சரியாகச் சொன்னால் மனசுக்குள் ஒரு கோடு.
தப்பினால், சரி தூங்கு.
வாரக் கடைசியில் கோடுகளைக் கூட்டிப் பார்க்கிறேன்.
அவன் அப்பாவிடமும் சொல்வதில்லை.

முந்தாநாள் கேட்டான்:
"அம்மா, இது பரிச்சையா, சும்மாவா?"
சும்மாதான்டா, என்றேன்.
என் முகத்தைப் பார்த்தான் கொஞ்சநேரம்,
அந்த வீட்டுப் படத்தைப் பார்த்த மாதிரி.
"பொய்" என்றான்.

பிறகு சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்து
இரண்டு, என்றான்.
வெகுநேரம் கழித்து, ஏழு.
மூன்றாவதற்கு நான் மூச்சடக்கிக் காத்திருந்தேன்,
பதினைந்து, இருபது, முப்பத்தெட்டு.

தூங்கிப்போயிருந்தான்.